மாடி அறை

பிப்ரவரி 3, செவ்வாய்

கடையில் இன்று தைக்கிற வேலையைவிடப் பிரிக்கிற வேலைதான் அதிகம். ஒரு பெரியவர் கால்சட்டையின் இடுப்பைத் தளர்த்தித் தரச் சொன்னார். துவைத்ததில் துணி சுருங்கிவிட்டதாம். சுருங்கவில்லை, உங்கள் தொப்பை வளர்ந்திருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. சிரித்துவிட்டேன். தீர்ப்பு வந்த பிறகு வந்த முதல் சிரிப்பு.

மாமா குற்றவாளி என்று முடிவாகிவிட்டது. இனி தண்டனைதான் பாக்கி. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எட்டு வயதிலிருந்து பதினொன்று வரை என்னைப் பாழாக்கியவன். முப்பது வருடம் கழித்தும் கை மாமா என்றுதான் எழுதுகிறது. சனியன் பிடித்த கை.

பிப்ரவரி 6

அரசு தரப்புப் பெண் வக்கீல் விளக்கினார். குற்றம் நடந்த காலத்துச் சட்டம்தான் செல்லுமாம். அதில் அதிகபட்சமே ஏழு வருடம். இன்று நடந்திருந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. நான்தான் அவசரப்பட்டுப் பிறந்துவிட்டேன் போல.

அந்த ஏழும் நிச்சயமில்லை. எழுபத்தொரு வயது, மூட்டுவலி, பழைய வழக்கு எதுவும் கிடையாது. பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தால், ஜெயிலுக்கு அனுப்பாமல் தண்டனையை நிறுத்திவைக்கவும் கூடும். அப்படி ஒருவர் முன்வந்திருக்கிறார் என்றார்.

யார் என்று கேட்டேன். தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"உங்க அம்மா."

பிப்ரவரி 7

அம்மாவுக்குப் போன் செய்தேன். "எனக்கு நீயும் வேணும், அவனும் வேணும். வயசானவன்டி, உள்ளயே செத்துப்போயிடுவான்" என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை? கேட்கவில்லை. வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11

தண்டனை நாளன்று நீதிபதி முன் நான் படிக்க வேண்டியதை எழுதி முடித்தேன். ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டீயைக் கையில் கொடுத்து, மாமாவுக்குக் கொண்டுபோ என்று மாடி அறைக்கு அனுப்பியது அம்மா. அவளுக்கு ஒன்றும் தெரியாது. மாட்டேன் என்று அழுதால் சோம்பேறி என்று திட்டுவாள். அந்த வரியைக் கேட்டால் உடைந்துபோவாள்.

இன்னமும் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேனே — எனக்கென்ன தலையெழுத்தா?

பிப்ரவரி 18

நாளை. சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 19

படித்துவிட்டேன். மாடி அறை, உள்தாழ்ப்பாள், பச்சை ஜன்னல் — எல்லாம் சொன்னேன். அம்மா அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவே இல்லை.

பிறகு அவனுடைய வக்கீல் அம்மாவைக் கூப்பிட்டார். தம்பியைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதாகப் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். நீதிபதி சாதாரணமாகத்தான் கேட்டார்.

"உங்க வீட்ல அவர் எந்த ரூம்ல தங்குவார்?"

"மாடி ரூம்லதாங்க. எப்பவும் அவன் அங்கதான்..."

பாதியில் நிறுத்திவிட்டாள். அம்மா இன்றுதான் முதல்முறையாக என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேணாங்க" என்றாள். "என் வீட்ல வேணாம்."

ஐந்து வருடம், ஜெயிலில். வயதுக்காகக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். அவனுக்கு ஊரில் நல்ல பெயர் என்ற வாதத்தை மட்டும் நீதிபதி ஏற்கவில்லை. அந்தப் பெயரை நம்பித்தான் குழந்தையை அவரிடம் விட்டார்கள் என்றார். அழைத்துப்போகும்போது மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். பசிதான் வந்தது.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் அம்மா பையோடு வாசலில் நின்றாள். அந்த வீட்டில் இருக்க முடியவில்லையாம். உள்ளே வரச் சொன்னேன். டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெனமும் டீயைக் குடுத்து உன்னை மேல அனுப்பினது நான்தானே?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் பழகியிருந்தது.

"ஆமாம்மா" என்றேன்.

அவள் அழவில்லை. டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டாள். ஆறிப்போன டீயை எடுத்துக் கொட்டிவிட்டு வந்தேன். அப்போதும் அப்படியே இருந்தாள்.

கூடத்தில் அவளுக்குப் படுக்கை போட்டிருக்கிறேன்.