சத்தம் இல்லாத ஊர்

அக்கா,

இன்று ஆவடி மார்க்கெட்டில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற இந்த வெயிலில் ஸ்வெட்டர் கேட்டதும், நடைபாதையில் துணி விற்கிறவரே என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூட்டையைப் பிரித்து, அடியில் கிடந்ததை இழுத்து உதறினார். அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது. "யாருக்கும்மா?" என்றார். "என் அளவுதான். கை மட்டும் நீளமா இருக்கணும்" என்றேன். போன முறை கொடுத்ததன் கைகளை ஜெனி கடித்தே நார்நாராக்கிவிட்டாளாம். ஊட்டியிலிருந்து சிஸ்டர் போனில் சொன்னார்.

உங்கள் மகள் மலையில் இருக்கிறாள். நீங்கள் இல்லை. எவ்வளவோ பேசினோமே, இப்படி ஒன்று நடக்கும் என்று மட்டும் நாம் ஒரு நாளும் பேசவில்லை.

பட்டாபிராமில் தண்டவாளத்துக்கு இரண்டு தெரு தள்ளி உங்கள் வீடும் என் வீடும். நடுவே ஒரே சுவர். உங்கள் கணவர் போன பிறகு அவர் வேலை பார்த்த அரசாங்க ஃபேக்டரியிலேயே உங்களுக்கு வேலை கொடுத்தார்கள். காலையில் ஜெனியை என்னிடம் விட்டுவிட்டு ஓடுவீர்கள். தையல் மெஷின் சத்தம் அவளுக்கு ஆகாது. அதனால் பகலெல்லாம் கைத்தையல் வேலைகளை மட்டும் செய்துகொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இருபது வயது தாண்டியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டீர்கள். அவளை வதைத்தது சத்தம்தான். கூட்ஸ் வண்டி ஹாரன், ஆடி மாத ஒலிபெருக்கி, பக்கத்து மனையில் டைல்ஸ் அறுக்கிற மெஷின். காதைப் பொத்திக்கொண்டு போய் நெற்றியைச் சுவரில் மோதுவாள். தலையணையை எடுத்துக்கொண்டு நான் ஓடுவதற்குள் ரத்தம் வந்துவிடும்.

ஒரு வருஷம் உங்கள் பங்குக் கோயிலிலிருந்து ஊட்டிக்குச் சுற்றுலா போனார்கள். ஜெனியைக் கூட்டிப்போக வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். நீங்கள் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் பையைக்கூட உள்ளே வைக்காமல் என் வீட்டு வாசலில் நின்றீர்கள்.

"வசந்தி, நம்ப மாட்ட. ஒரு வாட்டி கூட முட்டிக்கல. மாத்திர போடாமலே தூங்குச்சும்மா. மரத்தப் பாத்துகினு சிரிக்குது!"

அழுதீர்கள். அதற்கு முன்னால் நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து மலைப்பேச்சு ஆரம்பித்தது. வேலை முடிந்து வந்து ஜெனிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பேசுவீர்கள். போவதா, இருப்பதா. ஒரு நாள் போவது பக்கம் சாயும், மறுநாள் இருப்பது பக்கம். மலையிலும் உங்கள் டிபார்ட்மெண்டுக்கு ஒரு ஃபேக்டரி இருந்தது. மாற்றல் கேட்டால் கிடைக்கும் என்றார்கள். வீட்டை விற்றால் அங்கே சின்னதாக ஒன்று பார்க்கலாம். சித்திரை வெயிலில் ஜெனி உடம்பில் துணி நிற்காது, கிழித்துப் போட்டுவிடுவாள். அங்கே அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வலிப்பு வந்தால்? அவளைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிற டாக்டர் இங்கேதான். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் மாத்திரை எப்படி வரும்? பகலில் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்? இந்தக் கேள்வி வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் கைகால் விழுந்திருந்தது. நான் எங்கும் வர முடியாது என்று உங்களுக்குத் தெரியும்.

கடைசியில் முடிவெடுக்க வைத்தது ஜெனிதான். ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், கேட் திறந்து கிடக்கிறது. தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு ஓடினேன். கத்தி என்ன பிரயோஜனம், பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிற பிள்ளையா? உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் ஃபேக்டரி யூனிஃபார்மோடு வந்து இறங்கவும், ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற அம்மா ஜெனியை மெதுவாக நடத்திக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. பிளாட்பாரத்தின் கடைசிக்கே போய்விட்டாளாம்.

"நம்ம பொண்ணாச்சேன்னு இட்டாந்தேன். கடையில இப்ப ஆளே இல்ல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா நிற்காமல் போய்விட்டார்.

நீங்கள் தரையில் உட்கார்ந்து ஜெனியின் பாதங்களைத் துடைத்தீர்கள். "அவ்ளோதான் வசந்தி. மலையும் வேணாம், ஒண்ணியும் வேணாம். அங்க காணாப் போனா யாரு இட்டாந்து உடுவா? இங்க இவள நாலு பேருக்குத் தெரியும். மனுசங்க இங்கதான் கீறாங்க" என்றீர்கள். அதோடு மலைப்பேச்சு நின்றது. எனக்கும் அது சரியென்றே பட்டது. உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதன் பிறகு உங்களுக்கு வயிற்றுவலி. அல்சர் என்று நினைத்தே நாள் போயிற்று. புற்று என்று கண்டுபிடித்தபோது ஆபரேஷனுக்குக்கூட நேரம் இல்லை. ஆஸ்பத்திரியில் வார்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டீர்கள்: "அப்பவே மலை மேல போயிருக்கணுமோ?"

"நீங்க எழுந்து வாங்கக்கா, எல்லாருமா போலாம்" என்றேன். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் கோபமில்லை, அக்கா. என்னைத் தேற்றுகிற மாதிரி இருந்தது.

நாலு பேருக்குத் தெரியும் என்றீர்களே, அது பொய்யில்லை. அடக்கத்துக்குத் தெருவே வந்தது. முதல் வாரம் முழுக்க ஜெனிக்கு ஏதாவது ஒரு வீட்டிலிருந்து சோறு வந்தது. பிறகு குறைந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. தெருவில் அலைகிற பிள்ளையைக் கொண்டுவந்து விட அவர்களுக்கு மனசு இருந்தது. ஆனால் கொண்டுவந்து விட இப்போது ஒரு வீடு இல்லையே. நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். பூந்தமல்லியிலிருந்து வந்திருந்த உங்கள் தம்பி, கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எத்தினி நாளைக்குக்கா?" என்று கேட்டார். தன்மையாகத்தான் கேட்டார்.

ஊட்டிப் பக்கம் சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு இல்லத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். "அக்கா ஆசப்பட்ட ஊருதானே. அதுவாச்சும் நடக்கட்டும்" என்றார். எங்கள் எல்லோருக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது. மலையாவது அவளைப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு தடவை, என் நாத்தனாரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே இருந்தது. மரங்கள், மூடுபனி. நம் ஊரில் நடுராத்திரியில்கூட அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. நல்ல சிஸ்டர்கள். சுத்தமான படுக்கை. அந்த அமைதிக்கு நடுவே வராந்தாவின் கோடியிலிருந்து ஒரே சீராக ஓர் ஓசை வந்துகொண்டிருந்தது. என்னவென்று கேட்காமலே தெரிந்துவிட்டது. ஓடினேன். சுவரில் பஞ்சு மெத்தை அடித்து வைத்திருந்தார்கள். ஜெனி அதில் முட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க சத்தமே கிடையாதும்மா. அதான் எங்களுக்கும் புரியல" என்றார் சிஸ்டர்.

எனக்குப் புரிந்தது, அக்கா. புரியாமலே இருந்திருக்கலாம். அந்த ஊட்டிப் பயணத்தில் உங்களுக்கு ஃபேக்டரி இல்லை, அடுப்பு இல்லை, ஓட்டம் இல்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து தூங்கும் வரை அவளை விட்டு நீங்கள் ஓர் அடி நகரவில்லை. அவள் சிரித்தது மரத்தைப் பார்த்து இல்லை. மலையின் குளிரை, மருந்தை, ரோட்டை எல்லாம் எடைபோட்டுப் பார்த்தோம். உங்களை மட்டும் தராசில் வைக்க நம் இருவருக்கும் தோன்றவில்லை. மேலே போயிருந்தாலும் விடிந்தால் நீங்கள் வேலைக்குத்தான் ஓடியிருப்பீர்கள். பிறகு இதே வயிற்றுவலி. போயிருக்கணுமோ என்று கேட்டீர்களே, இன்று கேட்டால் சொல்வேன்: போயிருந்தாலும் இதுதான்.

இப்போது போவதா இருப்பதா என்று எடைபோடுகிறவள் நான். என் வீட்டுக்காரர் போன ஐப்பசியில் இறந்துபோனார். மகன் வெளியூரில். மெஷினை எங்கே போட்டாலும் எனக்குப் பிழைப்பு ஓடும். அங்கேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு தினமும் அவளைப் போய்ப் பார்க்கலாமே என்று சிஸ்டரிடம் கேட்டேன். "வாங்கம்மா, வேண்டாம்னு சொல்லல. ஆனா நீங்க வந்துட்டுப் போனப்புறம் அவ ரெண்டு நாள் சாப்பிடவே இல்ல" என்றார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அன்று புறப்படும்போது அவள் முட்டுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் வந்தாள். என் கையைப் பிடித்தாள். உள்ளங்கையை விரித்து மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். புறங்கையையும் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், வேறு யாருடைய பொருளையோ தெரியாமல் எடுத்துவிட்டது போல, மெதுவாகக் கீழே விட்டாள்.

மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை, அக்கா.