வேருக்குத் திரும்பினார்

மருதமுனை
24.06.2025

அன்புள்ள சுஜித்தாவுக்கு,

நீயும் வீட்டாரும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். என்னைக் கட்டின நாளிலிருந்து என் போனைத் தொடாத மச்சான், இப்போது அதை வாங்கி வைத்திருக்கிறார். அதனால்தான் கடிதம்.

யோகா தினத்தன்று உன் வகுப்பில் நான் நெற்றி நிலத்தில் படக் குனிந்திருந்த படத்தைப் பேஸ்புக்கில் போட்டு, "வேருக்குத் திரும்பினார் மருதமுனை ஜெனூபா" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு முன்னால் உங்கள் குத்துவிளக்கு எரிகிறது. நான் மதம் மாறிவிட்டேன் என்று ஊரே கதைக்கிறது.

தறியில் இருந்து இருந்து இடுப்பு நாரி விட்டுப்போய், நிலத்தில் குனியமுடியாமல் நாலு வருஷம் கதிரையில் இருந்து தொழுதவள் நான். உன்னிடம் பயிற்சிக்கு வந்த ஐந்தாம் மாதம் நெற்றி நிலத்தில் பட ஸுஜூது செய்தேன். மச்சானும் சந்தோசப்பட்டார். வகுப்புக்கு என்னை மோட்டர் சைக்கிளில் ஏற்றிவந்தவரே அவர்தானே. இப்போது பள்ளிவாசலுக்குப் போகவே கூச்சப்படுகிறார்.

படத்தை எடுத்துவிடு.

உன் ஜெனூபா

பாண்டிருப்பு
28.06.2025

அன்பின் ஜெனூபா,

உன் கடிதத்தை வாசித்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. யோகா நம் எல்லோருடைய சொத்து என்ற நினைப்பில்தான் வேர் என்றேன். உனக்காகச் சூரிய நமஸ்காரத்தையே 'காலைப் பயிற்சி' என்று மாற்றியவள், இந்த ஒரு சொல்லில் கோட்டை விட்டேன்.

படத்தை எடுத்தால் ஒளிப்பதுபோல இருக்கும். அதனால் கீழே விளக்கம் போட்டிருக்கிறேன்: "ஜெனூபா இன்னும் முஸ்லிம்தான். நாரி நோவுக்காகவே வந்தார்." இனி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பயிற்சியை மட்டும் விடாதே, நாரி பழையபடி இறுகிவிடும். வியாழக்கிழமை வருவாய்தானே?

அன்புடன்
சுஜித்தா

மருதமுனை
06.07.2025

சுஜித்தா,

விளக்கத்தை மச்சான் சத்தமாக வாசித்தார். 'இன்னும்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். "இன்னும் எண்டா என்ன புள்ள? அப்ப நாளைக்கு?" என்று கேட்டார். வேறு யார் எழுதியிருந்தாலும் தாங்கியிருப்பேன். பள்ளிக்கூடத்திலிருந்து என்னைத் தெரிந்த நீ எழுதினாயே.

நாரி இறுகத் தொடங்கிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு செய்து பார்த்தேன், உடம்பு வளையவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நேற்றுப் பின்னேரம் அஸர் தொழும்போது ஸுஜூதில் அந்தப் படம் கண்ணுக்குள் வந்துவிட்டது. நான் தொழுகிறேனா, நீ சொல்லித்தந்ததைச் செய்கிறேனா என்று எனக்கே சந்தேகம். எழுந்து திரும்பத் தொழுதேன். திரும்பவும் அதே சந்தேகம்.

இன்றைக்குக் கதிரையில் இருந்து தொழுதேன். நோவினால் அல்ல.

சந்தையில் கண்டால் கதைக்காதே.

ஜெனூபா