பச்சைன்னா எந்தப் பச்சை?

அன்புள்ள கண்ணு,

நல்லா இருக்கியா, வேளைக்குச் சாப்பிடுறியா, நாள் பூரா நின்னு முடி வெட்டுற காலுக்குச் சாயந்திரம் கொஞ்சமாவது ஓய்வு கொடுக்கிறியா. இங்க நாங்க ரெண்டு பேரும் சுகம், உங்கம்மாவோட முழங்காலையும் என் வாயையும் தவிர. முழங்காலுக்கு டாக்டர் ஒரு பட்டை கொடுத்திருக்கார், வாய்க்கு அந்த மாதிரி எதுவும் கிடைக்காததாலதான் இந்தக் கடுதாசி. மூணு வாரமா நீ அம்மாகிட்ட மட்டும் பேசிட்டு ஃபோனை வெச்சிடுற, அப்பா எங்கன்னு கூடக் கேக்கறதில்லைன்னு அவ சொன்னா. நீ கேக்கவேண்டாம், தப்பு என்மேலதான். ஃபோன்ல பேசினா யோசனைக்கு முன்னாடி வாய் வந்து நிக்குது, எழுதினா அடிச்சுத் திருத்தலாம். இதையே மூணாவது தடவையா எழுதறேன், முதல்ல எழுதின ரெண்டையும் உங்கம்மா படிச்சுட்டு இது மன்னிப்புக் கேக்கற கடுதாசியா இல்ல பஸ் டிப்போ சுற்றறிக்கையான்னு கேட்டா.

அன்னிக்கு நீ சந்தோஷமாத்தான் ஃபோன் பண்ணே. சின்னதா ஒரு இடம் வாடகைக்கு வந்திருக்கு, தெரு முனையில, ரெண்டு பக்கமும் ஜன்னல், சொந்தமா சலூன் போடப் போறேன், என்னப்பா சொல்றேன்னு கேட்டே. நான் என்ன சொன்னேன், மாசச் சம்பளத்தை விடாதே, கடை வெச்சவன் எவன் நிம்மதியா இருக்கான், அகலக்கால் வைக்காதேன்னு சொல்லிட்டு லைனை கட் பண்ணிட்டேன். கட் பண்றதுக்கு முன்னாடி நீ ஹலோ ஹலோன்னு கூப்பிட்டது எனக்குக் கேட்டுது கண்ணு. அப்புறம் நீ கட்டடக்காரர்கிட்ட யோசிக்கணும்னு சொல்லிட்டேன்னும், அவர் இருபதாம் தேதி வரைக்கும்தான் காத்திருப்பார்னும் அம்மா சொன்னா. அந்த யோசனைக்கு யார் காரணம்னு எனக்குத் தெரியாதா. ஆனா அன்னிக்குக் காலையில எனக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாது, அதைச் சொல்றேன், கேளு.

டிப்போவுல இருபத்தி நாலு வருஷம் பஸ் சீட்டு தைச்சேன், புது பஸ்ஸுக்கெல்லாம் பிளாஸ்டிக் சீட்டு வந்ததும் அந்தப் பிரிவையே மூடிட்டாங்க, நான் அந்தப் பழைய செருப்புக்கடையைப் பிடிச்சு நாற்காலி, சோபாவுக்கெல்லாம் குஷன் தைச்சுக் கொடுக்கற கடை போட்டேன், இதெல்லாம் உனக்குத் தெரிஞ்ச கதை. தெரியாத கதை பல் டாக்டர் கதை. நம்ம தெருவுக்குப் பின்னாடி தெருவுல பல் ஆஸ்பத்திரி வெச்சிருக்காரே, அவர் வந்து காத்திருக்கிறவங்க உக்கார்ற பதினெட்டு நாற்காலிக்கும் புது குஷன், புது ரெக்ஸின் போடணும்னார். கடை திறந்த பதினாலு மாசத்துல இவ்வளவு பெரிய வேலை வந்ததே இல்ல. என்ன நிறம்னு கேட்டேன், பச்சையில போடுங்கன்னார், சரின்னு தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் பேச்சு. என்கிட்ட நல்ல கனமான ரெக்ஸின் ஒரு முழு ரோல் இருந்துது, பச்சை. பதினோரு நாள் தைச்சேன். உங்கம்மா தட்டை ஸ்குரூ டிரைவரை வெச்சுக்கிட்டு பழைய ஸ்டேப்ளர் பின்னையெல்லாம் ஒண்ணொண்ணா நெம்பி எடுத்தா, அவ விரல்ல மூணு இடத்துல பிளாஸ்திரி. ஞாயித்துக்கிழமை பக்கத்துக் கடைச் சாவிக்காரரோட வண்டியில ஏத்தி, நாங்க மூணு பேருமா ஆஸ்பத்திரியில இறக்கி, வரிசையா போட்டு, தள்ளி நின்னு பார்த்தோம். சாவிக்காரர் மட்டும் கொஞ்சம் கண்ணைச் சுருக்கினார். வெயில்னு நினைச்சேன்.

திங்கக்கிழமை காலையில நான் அங்க காத்திருக்க, டாக்டர் வந்தார். வாசல்லயே நின்னுட்டார். டோக்கன் கொடுக்கற பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டா, அழறாளா சிரிக்கிறாளான்னு தெரியல. டாக்டர் மெதுவா சொன்னார், நான் கேட்டது இந்த ஆலிவ் காய் இருக்கே அந்த மாதிரி மங்கலான பச்சை, வலியோட வர்றவங்களுக்குப் பார்த்ததும் மனசு அமைதியாகணும்னு, இதுல உக்கார்ந்தா வலிக்காத பல்லும் வலிக்கும்னு. நான் போட்டிருந்தது கிளிப்பச்சை கண்ணு. கிளியே பார்த்தாலும் ஒரு நிமிஷம் வெக்கப்படும், அப்படி ஒரு பச்சை. அப்பவாவது நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். பச்சைன்னா பச்சைதானே, பச்சையில என்ன சாதாப் பச்சை ஸ்பெஷல் பச்சைன்னு எகிறினேன். நீங்க துணியைக் காட்டவே இல்லையேன்னார், நீங்க கேக்கவே இல்லையேன்னேன். காத்துக்கிட்டிருந்த நாலு பேர் எங்க மூஞ்சியை மாத்தி மாத்திப் பார்த்தாங்க. எழுதி வெச்ச சீட்டு ஒண்ணு இருந்தா எடுத்துக் காட்டலாம், என்கிட்டயும் இல்ல, அவர்கிட்டயும் இல்ல. வீட்டுக்கு வந்து படுத்தவன் சாயந்திரம் வரைக்கும் எழுந்திருக்கல. இந்த வயசுல எனக்கு எதுக்குக் கடை, கண்ணுக்கு நேரா நிக்கிற மனுஷன் என்ன கேக்கறான்னு கூடப் புரிஞ்சுக்கத் துப்பில்லையேன்னு நெஞ்சுக்குள்ள ஒரே கிலி. அந்த நேரம் பார்த்துத்தான் உன் ஃபோன். உனக்குச் சொன்னதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கிட்டது, நீ நடுவுல மாட்டிக்கிட்டே.

அடுத்த ரெண்டு நாளும் நான் கடையைத் திறக்கல. உங்கம்மா ஒரு வார்த்தை திட்டலியே, அதுதான் பயமா இருந்துது. வியாழக்கிழமை காலையில, லைப்ரரியில புஸ்தகம் திருப்பிக் கொடுக்கணும், முழங்கால் வலிக்குது, பையைத் தூக்கிட்டு வாங்கன்னா. போனேன். பை கனமாத்தான் இருந்துது, உள்ள என்னடான்னு பார்த்தா என் கடையில கிடந்த துண்டுச் சீட்டு, பழைய ரசீது, துணி சாம்பிள் அட்டை எல்லாத்தையும் அள்ளிப் போட்டிருக்கா, புஸ்தகம் ஒண்ணு கூட இல்ல. மாடியில ஒரு அறை, கதவுல சிறுதொழில் செய்றவங்களுக்கு இலவச ஆலோசனை, செவ்வாய், வியாழன்னு அட்டை தொங்குது. உள்ள ஒரு அம்மா உக்கார்ந்திருந்தாங்க, பத்தொன்பது வருஷம் ரொட்டிக்கடை நடத்தினவங்களாம், நடுவுல ஒரு தடவை மூடி மறுபடி திறந்தவங்களாம். நான் கதவுகிட்டயே திரும்பிப் போயிடப் பார்த்தேன், உங்கம்மா பின்னாடி நின்னு வழியை அடைச்சுக்கிட்டா, முழங்கால் வலியெல்லாம் அப்ப எங்க போச்சோ.

அந்த ரொட்டிக்கடை அம்மா கதையைப் பூராவும் கேட்டாங்க, சிரிக்கல. ஆர்டரை எங்க எழுதி வெச்சிருக்கீங்கன்னாங்க. நான் என் தலையைத் தொட்டுக் காட்டினேன். அதே மாதிரி டாக்டரும் அவர் தலையிலதான் எழுதி வெச்சிருந்தார், ரெண்டு தலையிலயும் வேற வேற பச்சை, இதுல யாரைக் குத்தம் சொல்றதுன்னாங்க. அப்புறம் ஒரு தாளை எடுத்து, போன மாசம் என்னென்ன வேலை செஞ்சீங்க எழுதுங்கன்னாங்க. எழுத எழுத எனக்கே வெக்கமா போச்சு. சோபா, நாற்காலி தவிர ஒரு குடை, ஒரு பொம்மைக்கு வயிறு, யாரோட கிட்டாருக்கோ உறை, ஒரு நாய்க்கு மெத்தை. யார் எதைக் கொண்டுவந்தாலும் முடியாதுன்னு சொன்னதே இல்ல நான். முடியாதுங்கறதும் வியாபாரத்துல ஒரு வார்த்தைதான், பழகிக்கோங்கன்னாங்க. நாய் மெத்தையை மட்டும் வெச்சுக்கோங்க, அதுக்கு ஆள் வரும்னாங்க, அது வேற விஷயம். ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும்னு மனசுல தோணுதோ அதோட பாதியைக் கூடச் சேர்த்துச் சொல்லணுமாம், முன்னாடியே முடிச்சுக் கொடுத்தா நல்ல பேரு, ஒரு நாள் தள்ளிப்போனா கெட்ட பேராம். வீட்டுக் காசுப் பையும் கடைக் காசுப் பையும் ஒண்ணாக் கலக்கக் கூடாதாம், இதைச் சொல்லும்போது உங்கம்மா என் விலாவுல இடிச்சா. கடைசியா, நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க, யார் பக்கம் நியாயம்னு பேசாதீங்க, அடுத்து என்ன செய்யலாம்னு மட்டும் பேசுங்கன்னாங்க.

வெள்ளிக்கிழமை போனேன். எந்தப் பச்சைன்னு கேக்காம விட்டது என் தப்பு டாக்டர்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, விவரமா சொல்லாம விட்டது என் தப்புன்னார். துணி அவரோடது, உழைப்பு என்னோடதுன்னு அஞ்சு நிமிஷத்துல பேசி முடிச்சோம், அன்னிக்கு அரை மணி நேரம் கத்தினதுக்கு இது எவ்வளவோ சுலபம். அப்ப அந்த டோக்கன் பொண்ணு உள்ள வந்து, ஆறு நாற்காலியை மட்டும் அப்படியே விட்டுடலாமேன்னா. ஏன்னு கேட்டா, இந்த நாலு நாளா பசங்க கிளி நாற்காலியில உக்காரணும்னு சண்டை போடுதுங்களாம், ஊசின்னு தெரிஞ்சும் ஒரு வாண்டு எந்திரிக்க மாட்டேன்னு பிடிச்சுக்கிட்டுதாம். டாக்டர் யோசிச்சுட்டு, ஜன்னலோரம் பசங்களுக்குன்னு ஒரு மூலை போட்டுடலாம்னார். மிச்சப் பன்னிரண்டையும் நான் மங்கலான பச்சையில மாத்திக் கொடுத்தேன், இந்தத் தடவை துணியைத் துண்டு வெட்டி சீட்டுல ஒட்டி, அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் கத்திரியையே எடுத்தேன். கழட்டின பன்னிரண்டு கிளிப்பச்சை உறையில நாலு இப்ப நம்ம சாப்பாட்டு மேஜை நாற்காலியில இருக்கு. சாப்பிடும்போது உங்கம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு சாப்பிடுறா. அந்த டாக்டர் சொல்லி ஒரு கண் டாக்டரும் வந்துட்டுப் போயிருக்கார், அவருக்கு நீலம் வேணுமாம், எந்த நீலம்னு கேட்டு ஏழு துண்டு காட்டினேன், மனுஷனுக்குத் தலை சுத்திடுச்சு.

இப்ப உன் விஷயம். அன்னிக்குச் சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கிறேன். கடை போடுன்னோ போடாதேன்னோ சொல்ல மாட்டேன், அது உன் கை, உன் கத்திரி. ஆனா போட்டா நான் விழுந்த பள்ளத்துல நீ விழ வேண்டாம்னு நாலு வார்த்தை, அப்பாவா இல்ல, ஒரு கடைக்காரன் இன்னொரு கடைக்காரிக்குச் சொல்றதா எடுத்துக்கோ. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சட்டம் தெரிஞ்ச ஒருத்தரை விட்டுப் படிக்கச் சொல்லு. இங்க அதுக்குன்னே மாசத்துல ஒரு நாள் ஒரு வக்கீல் லைப்ரரிக்கு வந்து காசில்லாம பார்த்துச் சொல்றார், உங்க ஊர்லயும் இந்த மாதிரி ஏதாவது இருக்கும், நகராட்சியில கேளு, வியாபாரிகள் சங்கத்துல கேளு, கூச்சப்படாதே, கூச்சப்பட்டுத்தான் நான் பதினாலு மாசம் தொலைச்சேன். குழாயைத் திறந்து பாரு, தலை அலசற அளவுக்குத் தண்ணி வேகமா வருதா, முடி அடைச்சா சாக்கடையை யார் சரி பண்ணணும்னு எழுத்துல இருக்கா. ஒரு வேலை நாளும் ஒரு லீவு நாளும் எதிர்ல நின்னு எத்தனை பேர் அந்தப் பக்கம் நடக்கிறாங்கன்னு பாரு, அவசரமா ஓடறவங்களா நிதானமா போறவங்களான்னும் பாரு. அதே இடத்துல முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்கன்னு பக்கத்துக் கடைக்காரங்களைக் கேளு, கட்டடக்காரர் சொல்றதை விட அவங்க சொல்றது நிஜமா இருக்கும். நாலு நாற்காலி வாங்காதே, ரெண்டு போதும், ஒண்ணு நிறைஞ்சு இன்னொண்ணுக்கு ஆள் காத்திருக்கட்டும். இப்ப வேலை பார்க்கிற சலூன் அம்மாகிட்ட நேரா முகம் பார்த்துச் சொல்லிட்டு வா, ஒளிஞ்சு மறைஞ்சு வராதே, நாளைக்கு உன் கைக்கு மீறி ஆள் வந்தா அவங்ககிட்ட அனுப்பலாம், அவங்களும் உனக்கு அனுப்புவாங்க. முக்கியமா ஒண்ணு, கொஞ்சமா வெட்டுங்கன்னு யாராவது சொன்னா கொஞ்சம்னா எவ்வளவுன்னு விரல்ல காட்டச் சொல்லு. ரெண்டு விரக்கடையா நாலு விரக்கடையான்னு பார்த்துட்டு வெட்டு. ரெக்ஸினை மாத்தித் தைக்கலாம், முடியை ஒட்ட முடியாது.

உங்கம்மா பக்கத்துல நின்னு எட்டி எட்டிப் பார்க்கிறா, வாரத்துல ஒரு நாள் கடைக்குக் கண்டிப்பா லீவு விடணும்னு எழுதுங்கன்னா, எழுதிட்டேன். அவ இப்ப நம்ம கடையில வாரம் மூணு நாள் உக்கார்றா, ஆர்டர் எழுதறது அவதான். குடையோட ஒருத்தர் வந்தா நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவ அடுத்த தெரு குடைக்காரருக்கு வழி சொல்லிடுறா. கடையை விரிச்சா மட்டும் போதாது, கூட ஒரு ஆள் வேணும்ங்கறது எனக்கு இப்பத்தான் தெரியுது. நீயும் அங்க தனியா எல்லாத்தையும் மனசுல போட்டுக்காதே, ஒரு நல்ல சிநேகிதியை வாரம் ஒரு தடவை உக்கார வெச்சுப் பேசு.

உன் மனசுக்குத் தோணினதைச் செய், பயந்து பின்வாங்கினேன்னு மட்டும் நாளைக்கு உனக்கு நீயே சொல்லிக்கிற மாதிரி ஆயிடக் கூடாது. எந்த வேலையைத் தொட்டாலும் உன் கை விளங்கணும், உன் கத்திரி மழுங்கக் கூடாது, உன் வாசலுக்கு நல்ல மனுஷங்க வரணும். மறக்காம ஒண்ணு, மாசா மாசம் முதல் ஞாயித்துக்கிழமை முடி வெட்டிக்கப் போற நான் இந்த மாசம் போகல. என்ன சார் உடம்பு சரியில்லையான்னு நம்ம தெரு சலூன்காரர் ஆள் விட்டுக் கேட்டுட்டார். என் தலையில மிச்சம் இருக்கறது காதோரம் ஒரு பிடிதான், அதைத் தொடாம வெச்சிருக்கேன். திறக்கற தேதியைச் சொல்லு, டிக்கெட் எடுக்கணும். முதல் நாள், முதல் ஆள், முதல் நாற்காலி எனக்குத்தான். அப்பாவாச்சேன்னு காசு வாங்காம விட்டே, பாதி வெட்டினதோட எந்திரிச்சு வெளியே வந்துடுவேன்.

ஆயிரம் ஆசீர்வாதத்தோட,
தலை கலைஞ்சு காத்திருக்கும் உன் அப்பா