பக்கவாட்டுக் கசிவு

செப்டம்பர் 9, திங்கள்

தானியக் கோபுரத்தின் உச்சியில், ஊர் இணையத்தின் கருவி வேலைகளைப் பார்க்கும் ஸ்டென்கா இன்று ஹார்ன் ஆன்டெனாவை மாட்டினாள். பழைய செக்டர் ஆன்டெனாவையும் இறக்கவில்லை. இந்த வாரம் செக்டர், அடுத்த வாரம் ஹார்ன். எது மேல் என்று நான் சொல்ல வேண்டும். ஊர் இணையச் சங்கம் இதை ஏன் என்னிடம் ஒப்படைத்தது? ஓய்வுபெற்ற வானொலிப் பொறியாளன் என்பதாலா, வேறு வேலையில்லாதவன் என்பதாலா?

“இஞ்சினியர் ஐயா, இது ஆன்டெனாவா, பால் ஊத்துற புனலா?” என்று மேலிருந்து கத்தினாள். புனல்தான் என்றேன். அவளுக்குக் கேட்டிருக்காது.

செப்டம்பர் 13, வெள்ளி

செக்டர் ஓர் அகலப் பலகை. முன்னால் அலையைக் கொடுப்பதோடு ஓரங்களிலும் முதுகிலும் கசிகிறது. அதே வழியாகப் பக்கத்து ஊர்களின் இரைச்சலும் உள்ளே வருகிறது. மாலையானால் எல்லார் வீட்டிலும் படம் நின்று நின்று ஓடுகிறது.

ரொட்டிக்கடையில் வணக்கம் சொன்னேன். திங்களுக்குப் பிறகு நான் வாய் திறந்தது அங்கேதான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலை எட்டுக்கு மகள் யிட்கா வெலிங்டனிலிருந்து திரையில் வந்தாள். அவளுக்கு இரவுச் சாப்பாடு, எனக்குக் காபி. “அப்பா, முடி வெட்டிக்கோங்க.” அவள் போன பிறகும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

ஹார்னுக்கு மாற்றினோம். மாலையில் தீயணைப்பு நிலையத்தில் இருக்கும் சங்கக் கணினியில் பார்த்தேன்: இரைச்சல் அடங்கி, எல்லா வீடுகளிலும் வேகம் கூடியிருக்கிறது. ஒரு வீட்டுக்கு மட்டும் இணைப்பு அறவே இல்லை.

என் வீடு.

கம்பியைச் சோதித்தேன். இணையப் பெட்டியை அணைத்துப் போட்டேன். நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு வரைபடத்தில் கோடு போட்டதும் புரிந்தது — ஓடை வளைவில் இருக்கும் என் வீடு செக்டரின் எல்லைக்கே வெளியே. இத்தனை வருடமும் அதன் கசிவில்தான் நான் மகளோடு பேசியிருக்கிறேன். ஹார்ன் கசியாது. அதன் சிறப்பே அதுதான்.

செப்டம்பர் 18, புதன்

ஒரே ஒரு வீட்டுக்காக இன்னொரு ஆன்டெனா வைக்கலாமா என்று ஸ்டென்காவிடம் பொதுவாகக் கேட்டேன்.

“யாரு அந்த மகாராஜா? அலைவரிசை ஏற்கெனவே நெருக்கடி. இன்னொண்ணு வெச்சா எல்லாருக்கும் இரைச்சல்தான்.”

சும்மா கேட்டேன் என்றேன்.

இந்தப் பள்ளத்தில் செல்பேசியும் எடுக்காது. பெரிய வித்தியாசம் இல்லை என்று அறிக்கையில் எழுதினால் செக்டரே இருந்துவிடும். என் கணக்கை யாரும் சரிபார்க்கப்போவதில்லை. எழுதலாமா?

செப்டம்பர் 20, வெள்ளி

மதுக்கடையில் கூட்டம். நான் அறிக்கையை வாசிக்க வாசிக்க, சங்கத் தலைவர் ராடோவன் பீரை நகர்த்திவிட்டுச் சொன்னார்: “ஐயா, எங்களுக்குப் புரியற மாதிரி ஒரே வார்த்தையில சொல்லுங்க. எது?”

“ஹார்ன்.”

எல்லாரும் கை தூக்கினார்கள். நானும்தான். யாருக்காவது இழப்பு உண்டா என்று யாரேனும் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அதற்குள் பன்றி வறுவல் வந்துவிட்டது.

செப்டம்பர் 22, ஞாயிறு

எட்டு மணி. கறுப்புத் திரை.

மேட்டுக்கு ஏறிப்போய், இணையம் பழுது, கவலைப்படாதே என்று யிட்காவுக்கு ஒரு வரி அனுப்பினேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஸ்டென்கா கதவை உடைக்காத குறை. “உங்க பெட்டி செத்துக்கெடக்கு! அந்த மகாராஜா நீங்கதானா? கூட்டத்துல வாய்க்குள்ள என்ன, மாவுருண்டையா?”

ஓடைக்கு அக்கரையில் ஹெட்விகா இருக்கிறார், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குள் தலையசைப்புக்கு மேல் கிடையாது. அவர் வைக்கோல் கொட்டகையின் கூரைக்கு ஹார்ன் நன்றாகக் கிடைக்கிறதாம். அங்கிருந்து சின்னத் தட்டு ஆன்டெனா ஒன்றால், வேறு யாருக்கும் இரைச்சல் இல்லாமல், என் வீட்டுக்கு இணைப்பை எறியலாமாம். தாங்கி செய்துவர நாளாகும். வேண்டாம், அந்த அம்மாவுக்குத் தொந்தரவு என்று நான் சொல்லி முடிப்பதற்குள், ஸ்டென்கா ஓடைக்கு மேலாகக் கூப்பிட்டுவிட்டாள்.

“அதுவரைக்கும் எங்க வீட்டுல வந்து பேசட்டும்,” என்று பதில் வந்தது. “ஆனா சேத்துக் காலோட உள்ள வந்தா வெளிய தள்ளிடுவேன்!”

செப்டம்பர் 29, ஞாயிறு

ஹெட்விகாவின் சமையலறை. “அப்பா, அது யார் வீட்டு அடுப்பு?” என்றாள் யிட்கா. ஹெட்விகா திரைக்குள் தலையை நுழைத்தார். “என் வீட்டு அடுப்புதாம்மா. உங்கப்பா ப்ளம் அப்பத்தைத் தொடவே மாட்டேங்கிறாரு, நீ சொல்லு.”

பேசி முடித்ததும் எழுந்தேன். “எங்க ஓடறீங்க? சூப் கொதிக்குது,” என்றார். உட்கார்ந்தேன்.

அக்டோபர் 4, வெள்ளி

தாங்கி வந்துவிட்டதாம். நாளைக்கே தட்டை மாட்டிவிடட்டுமா என்று ஸ்டென்கா கேட்டாள். காற்று பலமாக இருக்கும், கூரையேறுவது ஆபத்து, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.

வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.