ஒன்றும் தடவாத ரொட்டித் துண்டு

நான் தடவவில்லை. எத்தனை முறை கேட்டாலும் அதுதான் பதில், குட்டிம்மா. இங்கே ரொட்டியைத் தவிர எல்லோரும் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இவ்வளவு தூரத்திலிருந்து வேறென்ன செய்ய.

நீ சொன்னபடியேதான் செய்தோம். நான்கு துண்டு, நான்கு டப்பா, துணி அலமாரியின் மேல்தட்டு. முதல் நாள் ஒன்றில் கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு, ஒன்றில் பூண்டுச் சாறு, ஒன்றில் பட்டை ஊறிய தண்ணீர். நான்காவதில் ஒன்றுமில்லை. அப்பா தையல் டேப்பால் தினமும் பூசணத்தை அளந்து வாடிக்கையாளர் நோட்டில் எழுதினார். பூண்டு, இடுப்பு, ஒன்றரை இஞ்ச். ஒரு நாள், "தோள்பட்டை நல்லா விரிஞ்சிருக்கு, பிரிச்சுத்தான் தைக்கணும்" என்றார். பூண்டின் காரம் சீக்கிரம் ஆறிவிடும், பிறகு பூசணம் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிடும் என்று நீ சொன்னாயே, அப்படியே நடந்தது. பட்டை ஐந்தாம் நாள் பூத்தது. கிராம்பு ஒன்பதாம் நாள். ஒன்றும் தடவாத துண்டு மட்டும் பதினான்கு நாளாகியும் வெள்ளை. அதைத்தான் போனில் சொன்னேன். உன்னோடு படிக்கும் மூன்று பேர் வீட்டிலும் அதுதான் முதலில் பூத்ததாம், நம் வீட்டில் மட்டும் தலைகீழ். உன் ஆசிரியர் சிரித்தாராம். செடியின் சாறு பூசணத்தின் தோலைக் கிழிக்கிறது என்று இரண்டு வருடமாக ஆய்வேட்டில் எழுதியதை அம்மா வீட்டு ரொட்டி பொய்யாக்கிவிட்டது, அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடுகிறேன் என்றாய். எடுக்காதே.

இன்று காலை அலமாரிப் பக்கம் போனேன். ஸ்டூல் மேல் உன் அத்தை. கையில் பல்வலிக்கு வைத்திருக்கும் கிராம்பு எண்ணெய். நான்காவது டப்பா திறந்திருந்தது. என்ன செய்கிறீர்கள் என்றேன். "மூணு பிள்ளைக்கு ஊட்டிட்டு ஒண்ணைப் பட்டினி போடுவியா? அது என்ன பாவம் பண்ணுச்சு? தினம் ஒரே ஒரு சொட்டுதான்" என்றாள். பதினான்கு நாள். பதினான்கு சொட்டு. கிராம்புத் துண்டுக்கே முதல் நாள் ஒன்றுதான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. அப்பா நோட்டோடு ஓடிவந்து, "அப்ப ஜெயிச்சது கிராம்புதானேக்கா?" என்றார். "இல்லைடா, நான்தான்" என்றாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, குட்டிம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே, சிரிப்பாள் என்றாள். சொல்லிவிட்டேன். சிரி. நீ சிரித்துப் பல நாள் ஆகிறது.

ஆசிரியரிடம் உள்ளதை அப்படியே சொல், அத்தையையும் சேர்த்து. ஃபிரிட்ஜில் சாப்பாட்டையும் ஆராய்ச்சியையும் ஒரே தட்டில் வைக்காதே. உன் டப்பாக்களில் முளைக்க வேண்டியது மட்டும் முளைக்கட்டும், நீ நிம்மதியாகத் தூங்கு.

ஆசிகளுடன்,
அம்மா

பி.கு. புது ரொட்டி வாங்கி ஐந்து துண்டாக வெட்டினேன். நான்கை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஐந்தாவதை அத்தையிடம் கொடுத்தேன்.