அட்டையில் இருக்கிற முகம்

என்ர அக்காவுக்கு,

இந்தத் துண்டுக் கடிதத்தைக் கொண்டுவாற நபீஸா என்னோட ரயிலில வந்தவா. ஆமிக்காரர் அவாவுக்கு ஊருக்குள்ள போகப் பாஸ் குடுத்து விட்டிட்டினம். நான் இன்னும் வவுனியா ஸ்டேசனிலதான் இருக்கிறன். பயப்பிடாதை எண்டு எழுதத்தான் பேனை கேட்டு வாங்கினனான்.

அடையாள அட்டையில இருக்கிற முகம் இப்ப எனக்கு இல்லை. உனக்கு முதலே எழுதாதது என்ர பிழை. சென்னையில டொக்டர் என்ர நெற்றி எலும்பையும் தாடையையும் வெட்டிச் சின்னனாக்கினவர். அதுக்குப் பிறகு மூண்டு மாதம் நான் தலை நிமிர்ந்து ரோட்டில நடந்தனான், அக்கா. பூக்காரியும் என்னை "வாம்மா" எண்டுதான் கூப்பிட்டவள்.

அம்மா செத்து ஒரு வருசம் முடியிற ஆட்டைத் திவசத்தைக் கடைசி மகன்தான் செய்யவேணும் எண்டு நீ எழுதினபடியால் வந்தனான்.

இங்க சோதனைக்கு ஆம்பிளையளுக்கு ஒரு வரிசை, பொம்பிளையளுக்கு ஒரு வரிசை. என்னை எதில விடுறதெண்டு தெரியாமல் தனியக் கதிரையில இருத்தியிருக்கினம். முகம் மாறினதுக்கு டொக்டர் எழுதித் தந்த கடிதத்தை ஒருத்தரும் வாசிக்கேல்லை. சொந்தக்காரர் வந்து அடையாளம் காட்டிக் கையெழுத்து வைச்சால் விடுவினமாம். இல்லாட்டிப் பின்னேரம் வேற இடத்துக்குக் கொண்டுபோவினமாம். எங்கையெண்டு கேக்க எனக்குத் துணிவில்லை.

கெதியா வா. பச்சைச் சுடிதாரோட இருக்கிறது நான்தான். "இது ஆர்?" எண்டு மட்டும் கேட்டிடாதை. "ஓம், என்ர தம்பிதான்" எண்டு சத்தமாச் சொல்லு. நானும் ஓமெண்டு தலையாட்டுவன்.

வெளியில வந்தாப் பிறகு அந்தச் சொல்லை ஒருநாளும் சொல்லாதை.

உன்ர தங்கச்சி