அன்றைக்குக் கரண்ட் போகவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் அங்கே அதே போல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை, காரணம் நான்தான், கீழே சொல்கிறேன்.

பாட்டக்கா காலமாகி ஒரு வருஷம் ஆகப் போகிறது. ரேடியோவில் பாடி அத்தனை பேர் வாங்கியும், வேலையை விட்டுத் துரத்தப்பட்டவர்களுக்காக ஆலை வாசல்களில் வந்து நின்று பாடின மனுஷி, அவரோடு பழகினவர்களின் நினைவுகளைத் திரட்டிப் புத்தகம் போடுகிறார்கள். திரட்டுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார் புத்தகக் குழுத் தலைவராக இருக்கும் பழைய ஹெட்மாஸ்டர், இருபது வருஷம் அக்காவுக்கு மைக் செட் போட்டவன், எல்லார் வீடும் தெரியும் என்று. நானும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்து முப்பத்தெட்டுப் பேரிடம் கேட்டு எழுதிவிட்டேன். லாரி டிரைவர் ஒருவர், அக்கா என் வண்டியில் வந்தபோது பாட்டைவிடத் திட்டுதான் அதிகம் கேட்டேன் என்று சிரித்தார், பெல்ட் போடாமல் ஓட்டினாராம். நீயும் பெல்ட் போடாமல் ஓட்டாதே.

யாரைக் கேட்டாலும் கடைசியில் ஆலை வாசல் கூட்டத்தில்தான் வந்து நிற்கிறார்கள். உனக்குத் தெரிந்த கதைதான், பாட்டு நடுவில் கரண்ட் போய், அக்கா வெறும் தொண்டையில் பாட, கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடி, மறுநாளே நீக்கினவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குக் கரண்ட் போகவில்லை, மகளே. ஒரு போலீஸ் அதிகாரி பின்னால் வந்து, மைக்கை அணைக்கிறாயா, செட்டோடு உன்னையும் வண்டியில் ஏற்றவா என்று காதோடு கேட்டார். நீ அப்போது அம்மா வயிற்றில் எட்டு மாசம், அதைச் சாக்காகச் சொல்லவில்லை, பயந்துவிட்டேன், அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுக் கரண்ட் போச்சு என்று கத்தினதும் நான்தான்.

முப்பத்தேழு பேர் கரண்ட் போச்சு என்றே சொன்னார்கள். தையல்காரம்மா மட்டும் மிஷினை நிறுத்தாமலே சொன்னார், "கரண்ட் போச்சுங்கிறாங்க, ஆனா மேடையில ஃபேன் சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. அக்கா நெத்தி முடி பறந்தது இன்னும் கண்ணுல நிக்குது." வீட்டுக்கு வந்து நோட்டில் படியெடுக்கும்போது அதை மட்டும் விட்டுவிட்டேன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஆனால் எழுதினதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது என்று வழக்கம் வைத்ததும் நான்தானே. மறுநாள் வாசித்தேன். ஃபேனைக் காணோமே என்று கேட்டார். நான் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

அவர் மிஷினை நிறுத்திவிட்டு, அக்காவுக்குத் தெரியுமா என்றார். தெரியும். கூட்டம் கலைந்ததும் நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன், அக்கா வந்து தன் கையாலேயே ஃபேனை அணைத்தார். என்னைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை அடுத்த கூட்டம். நீங்கதான் மைக் போடணும்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை, சாகும்வரை கேட்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து மிரட்டினார்கள், நான் ஒருநாளும் அணைக்கவில்லை.

ஹெட்மாஸ்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர், நல்ல கதையைக் கெடுக்காதீர்கள், அக்கா பேருக்கு ஆகாது என்றார். அக்கா பேருக்கு இதில் ஒரு குறையும் இல்லை, கெட்டால் என் பேர்தான் கெடும், தையல்காரம்மாவின் ஃபேனும் என் பக்கமும் இல்லாமல் நோட்டு அச்சகத்துக்குப் போகாது என்று ஒற்றைக்காலில் நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அம்மாவுக்கு நான் அணைத்ததில் கோபமில்லை, முப்பத்தாறு வருஷம் அவளிடமும் மறைத்ததில்தான் கோபம். அது நியாயம், வாங்கிக்கொள்கிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், யார் மிரட்டலுக்கும் அஞ்சாமல் வாழ வேண்டும். ஒன்று மறந்துவிடாதே. குட்டிப்பயல் அந்தக் கரண்ட் போன கதையை வகுப்பில் சொல்லிக் கைதட்டு வாங்கினான் என்றாயே, ஞாயிற்றுக்கிழமை போனை அவன் கையில் கொடு, நீ முந்திக்கொண்டு எனக்காகப் பரிந்து பேசாதே. அணைத்தது தாத்தாதான் என்று அவன் என் வாயால் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா